அரிசி இல்லாத இடம்

அய்யாக்கண்ணுவுக்குக் களம்பூரில் ஓர் அரிசி மில்லில் சாம்பிள் பார்க்கிற வேலை. ஆரணியிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனால் பொழுது சாயத் திரும்புவார். முப்பத்திரண்டு வருஷமாக இதே பஸ், இதே மில். மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்து, விழுகிற அரிசியை உள்ளங்கையில் பரப்பி, மெல்ல ஊதி, முகர்ந்து பார்த்து, கடைசியில் ஒரே ஒரு அரிசியை இடது கடைவாயில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் பழசு. நசுங்கினால் புதுசு. எத்தனை மாதம் பழசு, வேறு எதையாவது கலந்திருக்கிறார்களா என்பதெல்லாம் அந்த ஒரு கடியில் தெரிந்துவிடும். அவர் தலையை ஆட்டாமல் அந்த மில்லிலிருந்து ஒரு மூட்டை வெளியே போகாது. முதலாளிகூட அவரைப் பெயர் சொல்லித் தேடமாட்டார், "பல்லு எங்கப்பா?" என்றுதான் கேட்பார்.

இந்தக் கெட்டிக்காரத்தனம் மில் வாசலோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அது அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்தது, ஓட்டலுக்கும் வந்தது, காரியச் சாப்பாட்டுக்கும் வந்தது. செத்தவர் படத்துக்கு மாலை போட்டிருக்கும், வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறுவார்கள், இவர் இலையில் விழுந்த சோற்றை விரலால் நிமிண்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி விருத்தாம்பாள் பந்தியில் எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக உட்காருவாள். முழங்கையால் இடிக்க வசதி.

ஒரே ஒருமுறை அப்படி உட்கார முடியாமல் போனது. மகள் சசிகலாவின் கல்யாணத்தில். மகளுக்குக் கொண்டை சரிசெய்யப் போயிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. மாப்பிள்ளை அஜித்தின் அப்பா ரங்கசாமி, தேசூரில் நெல் போடுகிற விவசாயி. தன் வயலில் விளைந்தது குண்டு அரிசி, பெண் வீட்டாருக்கு அதைப் போடக்கூடாது என்று சேத்துப்பட்டுக்குத் தானே போய், பழைய அரிசியாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்த அய்யாக்கண்ணு ஒரு வாய் வைத்தார். புது அரிசிச் சோறு மாதிரி குழைந்து நசுங்கியது. மில்லில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "இது புது அரிசிங்க. பழசுல கலந்து குடுத்துட்டான். சம்மந்திய எவனோ நல்லா ஏமாத்திகினு போயிருக்கான்" என்றார். சம்பந்திக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் அவர் நினைப்பு. பந்தி முழுக்கக் கை நின்றது. அங்கங்கே சிரிப்புக் கேட்டது. தேசூரில் அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு அது 'கலப்படக் கல்யாணம்' ஆனது.

அது முடிந்து ஐந்து வருஷம். ரங்கசாமி சண்டை போடவில்லை. பார்த்தால் கும்பிடுவார், நலம் விசாரிப்பார். சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும். தப்பிக்க முடியாமல் ஒன்றிரண்டு தடவை உட்கார்ந்தபோதும் "சுகருங்க, எனக்கு ரெண்டு சப்பாத்தி போதும்" என்று முடித்துக்கொண்டார்.

கதை இதோடு நின்றிருந்தால் அய்யாக்கண்ணுவுக்கும் பெரிய பாரம் இல்லை. உண்மையைத்தானே சொன்னோம் என்று இருந்திருப்பார். கல்யாணமான மூன்றாம் மாதம் சேத்துப்பட்டு வியாபாரி ஒருவர் மில்லுக்கு வந்தார். பேச்சுவாக்கில், "தேசூர் கல்யாணத்துக்கு நாந்தாங்க அரிசி குடுத்தேன். உங்க மில்லு அரிசி. நீங்க கடிச்சிப் பார்த்து அனுப்பின லாட்டுதான். சமையல்காரன் கஞ்சி வடிக்காம மூடி வெச்சி சோத்தைக் கொழைச்சிட்டானாம், பாவம்" என்றார். மில்லில் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பொட்டலம் எடுத்துத் தேதி எழுதி வைப்பது வழக்கம். அவர் போனதும் அய்யாக்கண்ணு அலமாரியைத் திறந்து அந்தப் பொட்டலத்தைத் தேடி எடுத்தார். ஒன்றைக் கடித்தார். டக். இன்னொன்றைக் கடித்தார். டக். ஒரு வருஷம் பழசான, தங்கமான அரிசி.

தன் கையால் தேர்ந்த அரிசியை, தன் மகள் கல்யாணத்தில், தன் வாயாலேயே கலப்படம் என்று சொல்லியிருக்கிறார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விருத்தாம்பாளிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு தடவை தேசூர் பஸ் ஏறினார். இரண்டு தடவையும் பாதி வழியில் சேத்துப்பட்டிலேயே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார். 'பல்லு'க்கே பல் தப்பிவிட்டது என்று மில்லில் தெரிந்தால் என்ன ஆவது என்று ஒரு பயம். அதைவிட வெட்கம் பெரிசாக இருந்தது. நாள் ஆக ஆக அது இன்னும் பெரிசானது.

இப்படி இருக்கையில் பேத்தி அன்புச்செல்விக்கு நாலாவது பிறந்தநாள் வந்தது. அஜித் ஆரணியில் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். ஒரு தீபாவளி முழுக்க உழைத்த காசில், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற தீம் பார்க்குக்கு எல்லாருக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். அவனும் சசிகலாவும் குழந்தையும், இந்தப் பக்கம் அய்யாக்கண்ணுவும் விருத்தாம்பாளும், தேசூரிலிருந்து ரங்கசாமி. ரங்கசாமியின் மனைவி மட்டும், மாடு கன்று போடும் நாள் என்று வரவில்லை.

முதல்நாள் சாயங்காலமே சசிகலா வந்து அப்பா முன்னால் நின்றாள்.

"நைனா, நாளைக்கு ஒரு நாளு. அரிசியப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. மாமாவ நான் கையக் கால புடிச்சி வரவெச்சிருக்கேன்."

"பேசலம்மா."

"உங்க வாயே தொறக்கக்கூடாது."

"வாயத் தொறக்காம எப்படிம்மா சாப்புடறது?"

"இதோ பாரு, இப்பவே ஆரம்பிச்சிட்டாரு" என்று விருத்தாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை வேன் கிளம்பியது. விருத்தாம்பாள் அரக்கு நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தண்ணீர் விளையாட்டு இடத்துக்கு எதற்குப் பட்டு என்று கேட்டதற்கு, "ஆரணிக்காரி நைலக்ஸ் கட்டிகினு போனா நாலு பேரு இன்னா நெனப்பாங்க" என்றாள். மடியில் ஒரு பெரிய தூக்குவாளி. புளியோதரை. வேண்டாம் என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. பார்க் வாசலில் காவலாளி அதைத் திறந்து பார்த்து, வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்றான். விருத்தாம்பாள் வாதாடினாள்; எடுபடவில்லை. தூக்குவாளி வேன் டிரைவரிடம் போனது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சசிகலாவுக்கு முழு ஆறுதல். புளியோதரையும் அரிசிதானே.

பன்னிரண்டு மணி வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. சுற்றுகிற கோப்பையில் அன்புச்செல்வி இரண்டு தாத்தாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். இறங்கியபோது இருவருக்கும் தலை சுற்றி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அய்யாக்கண்ணுவுக்கு அந்த நேரத்திலேயே சொல்லிவிடலாமா என்று தோன்றியது. வாயெடுப்பதற்குள் ரங்கசாமி கையை எடுத்துக்கொண்டார். விருத்தாம்பாள் பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் தெறிக்கிற இடத்துக்கெல்லாம் பத்தடி தள்ளியே நடந்தாள்.

அப்புறம் பசி வந்தது. சசிகலா போனில் பார்க் வரைபடத்தைப் பெரிதாக்கி, சாப்பாட்டுக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் தேடியது ருசியும் இல்லை, விலையும் இல்லை. அரிசி இல்லாத இடம்.

முதலில் பீட்சா கடை. வரிசை வளைந்து வளைந்து ராட்டினம் வரைக்கும் போயிருந்தது. விருத்தாம்பாள் போர்டில் இருந்த படத்தை நெருங்கிப் பார்த்தாள். "ரொட்டி மேல இன்னாவோ உருகிகினு இருக்குது. இதுக்கு இம்மாங் கூட்டமா?" என்றாள். அவ்வளவு நேரம் நிற்க அவளுக்கு முழங்கால் கிடையாது. அங்கிருந்து நகர்ந்தார்கள்.

அடுத்தது நூடுல்ஸ் கடை. இது சரியாக இருக்கும் என்று சசிகலா வேகமாக நடந்தாள். கடை வாசலிலேயே ஒரு பெரிய சட்டியில் ஃப்ரைடு ரைஸ் புரண்டுகொண்டிருந்தது. அய்யாக்கண்ணுவின் கால் தானாக நின்றது. கழுத்து நீண்டது. நீளநீளமான அரிசி, கரண்டி பட்ட இடத்தில் முனை உடைந்து... அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் விரிந்தது. அதுவே போதுமாக இருந்தது சசிகலாவுக்கு.

"இங்க வேணாம். வாங்க ஜல்தி."

"நான் இன்னாம்மா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல நைனா. நடங்க."

மூன்றாவது இட்லி, தோசைக் கடை. அதை வரைபடத்தில் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "டிபன். எல்லாருக்கும் ஒத்துக்கும்" என்றாள். அய்யாக்கண்ணு தொண்டையைக் கனைத்தார்.

"இட்லியும் அரிசிதாம்மா."

பேசக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் இது அபிப்பிராயம் இல்லையே, தகவல்தானே என்று நினைத்துவிட்டார். சசிகலா அவரைப் பார்த்த பார்வையில் அந்த வித்தியாசம் எடுபடவில்லை. ரங்கசாமி வேறு பக்கம் திரும்பி, ராட்டினத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி ஒன்றரை. அஜித், "எதுனா ஒண்ணு முடிவு பண்ணு சசி, பேஜாரா இருக்குது" என்றான். அன்புச்செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ரசஞ்சோறு வேணும்" என்றாள். பாப்கார்ன், ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு வறுவல், எதைச் சொல்லியும் மசியவில்லை. ரசஞ்சோறுதான். பிறந்தநாள் அவளுடையது. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்து பெரியவர்களும் வந்து சேர்ந்த இடம், சசிகலா இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி ஒதுக்கிய சாப்பாட்டு ஹால்.

நல்ல பெரிய ஹால். நூறு பேருக்குமேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத் தலையும் தோளில் துண்டுமாகக் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். நீள மேசை, வாழை இலை. தொப்பி போட்ட ஆள் ஒருவர் சோற்று வாளியோடு வந்தார். விருத்தாம்பாள் கணவருக்கு வலப்பக்கம் இடம்பிடித்து முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டாள். ரங்கசாமி எதிரில்.

வாளி அவரிடம் வந்ததும் அவர் இலையின்மேல் கையை விரித்தார். "எனக்குச் சோறு வேணாம்பா. சப்பாத்தி இருந்தா ரெண்டு போடு. சுகரு."

அன்புச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "தாத்தா ஊட்ல சோறு துன்னும்" என்றாள். "இம்மாம் துன்னும்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"ஏ, கம்முனு சாப்புடு" என்றான் அஜித்.

"மாமா, உங்களுக்குச் சுகரு எப்ப வந்துச்சி? போன மாசம் டெஸ்டுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாரே" என்றாள் சசிகலா. கேட்டபிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று அவளுக்கே புரிந்தது.

ரங்கசாமி தன் இலைக்கு வந்த சப்பாத்தியைப் பிய்க்க ஆரம்பித்தார்.

அய்யாக்கண்ணுவுக்கு அப்போதுதான் விளங்கியது. சுகர் இல்லை. ஐந்து வருஷமாக இந்த மனுஷன் தன் எதிரில் ஒரு பருக்கை சோற்றைத் தொடவில்லை. பொழுதெல்லாம் சேற்றில் நின்று நெல் போடுகிற ஆள், சோற்றைக் கண்டால் கை விரித்து மறைக்கிறார். தன் வாய்க்குப் பயந்து. அய்யாக்கண்ணுவுக்குக் காது சுட்டது. இலையில் ஆவி பறக்கிற சோறு இருந்தது. அது பழசா புதுசா என்று அவர் பார்க்கவில்லை.

"சம்மந்தி" என்றார்.

விருத்தாம்பாளின் முழங்கை விலாவில் இறங்கியது. சசிகலா மேசைக்கடியில் காலை மிதித்தாள். அவர் நிறுத்தவில்லை.

"அன்னிக்கி கல்யாணத்துல போட்ட அரிசி நல்ல அரிசிங்க. ஒரு வருஷம் பழசு. எங்க மில்லு அரிசி. நாந்தான் கடிச்சிப் பாத்து அனுப்பினேன். சமையல்காரன் கொழைச்சிட்டான், அது தெரியாம நான் வாய வுட்டுட்டேன்."

ரங்கசாமியின் கை சப்பாத்தியில் நின்றது. "இது உங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"கல்யாணம் முடிஞ்சி மூணாம் மாசத்துலருந்து."

"அஞ்சு வருஷமா தெரியும்."

"தெரியும்ங்க. ரெண்டு வாட்டி பஸ் ஏறினேன். சேத்துப்பட்டு தாண்டறதுக்குக் கால் வரல."

"அடப்பாவி மனுஷா, எங்கிட்டகூட சொல்லலியே" என்றாள் விருத்தாம்பாள் மெதுவாக. முழங்கையை எடுத்துவிட்டாள்.

ரங்கசாமி பேசியபோது குரல் உயரவில்லை. "எங்கூருல டீக்கடையில உக்காந்தா, 'இன்னா ரங்கசாமி, கலப்படம் எப்படி'ன்னு கேப்பானுங்க. எம் பொண்டாட்டியே என்னைக் கேட்டா, பாத்துதான் வாங்கினியான்னு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. நெல்லு போடறவன், அரிசி பாக்கத் தெரிலியேன்னு." சப்பாத்தியை ஓரமாகத் தள்ளினார். "இப்ப எங்கிட்ட மட்டும் சொல்லி இன்னா ஆவப்போவுது? அன்னிக்கி ஒரு பந்தி முன்னால சொன்னீங்க."

"அப்ப ஒரு பந்தி முன்னாலதான் சொல்லணும்" என்றார் அய்யாக்கண்ணு.

ரங்கசாமி நினைத்தது, ஊரில் வருகிற ஏதாவது ஒரு காதுகுத்தையோ கிரகப்பிரவேசத்தையோ. அய்யாக்கண்ணு அவ்வளவு நாள் தள்ளிப்போட்டால் மறுபடி சேத்துப்பட்டில் இறங்கிவிடுவோம் என்று தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். மில் இயந்திரத்தின்மேல் பேசிப் பழகிய தொண்டை இன்னும் அப்படியேதான் இருந்தது.

"தேசூர் ரங்கசாமி ஊட்டுக் கல்யாணத்துல போட்டது ஒசந்த அரிசி. ஒரு கலப்படமும் கெடையாது. நான் சொன்னதுதான் தப்பு. பொண்ணப் பெத்தவன் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க."

நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரசம் ஊற்ற வந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றார். கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம், பார்க்கில் இதுவும் ஒரு நிகழ்ச்சிபோல என்று நினைத்துக் கைதட்டியது. பிறகு இன்னும் நாலைந்து மேசைகள் தட்டின. அன்புச்செல்வி எல்லாரையும்விட பலமாகத் தட்டினாள். அய்யாக்கண்ணு நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து வருஷத்தில் அவர் இவ்வளவு லேசாக உட்கார்ந்ததில்லை.

அஜித் போனைக் கீழே இறக்கினான். மாமனார் எழுந்து நின்றதிலிருந்து வீடியோ எடுத்திருந்தான். "அப்பா, முழுசா வந்திருக்குது. நம்ம தேசூர் குரூப்புல போடட்டுமா? ஒரு நிமிஷத்துல ஊர் பூராத் தெரிஞ்சிடும்."

அய்யாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். போட்டால் தேசூரோடு நிற்காது, களம்பூர் மில்லுக்கும் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. போடட்டும் என்றே இருந்தார்.

ரங்கசாமி போனைப் பார்த்தார். எதிரில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தார்.

"வேணாம்டா, அழிச்சிடு" என்றார். "நாலு பேரு சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அப்புறம் சோற்று வாளிக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். சப்பாத்தியை எடுத்து மகன் இலையில் போட்டுவிட்டு, தன் இலையைத் துடைத்தார். "சோறு போடுப்பா. இன்னும் போடு. குழி பண்ணிக்கறேன், சாம்பாரு ஊத்து." அன்புச்செல்வி கையை விரித்துக் காட்டியது பொய்யில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. முதல் கவளத்தை எடுத்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார்.

"சரி சம்மந்தி, இந்த அரிசி எப்படி? சொல்லுங்க."

விருத்தாம்பாளின் முழங்கை பாதி வழியில் நின்றது. சசிகலா கண்ணை மூடிக்கொண்டாள். அய்யாக்கண்ணு இலையைப் பார்த்தார், பிறகு ரங்கசாமியின் கையில் இருந்த கவளத்தைப் பார்த்தார்.

"எனக்குப் பசிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

ரங்கசாமி கவளத்தை வாயில் போட்டு மென்றார். அன்று அவர் மூன்று முறை சோறு வாங்கினார், கடைசியாக மோருக்கு.